கிணற்றடியில் லிங்கர் சொன்ன வரி

நீர்வேலியில் எங்கள் வாழைத்தோட்டத்துக்கும் பெரியப்பாவின் வாழைத்தோட்டத்துக்கும் நடுவே இருப்பது ஒரே கிணறு. பாதி எங்களுக்கு, பாதி அவருக்கு. காணி உறுதியிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஒரு நாள் எங்கள் முறை, மறுநாள் அவர் முறை. முறை மாறும் நேரம் விடிய ஐந்தரை. அந்த நேரத்தில் தொடங்கினால்தான் வெயில் ஏறுவதற்குள் அரைவாசித் தோட்டத்துக்காவது தண்ணீர் பாய்ச்சி முடிக்கலாம்.

இதுவரைக்கும் எங்கள் பக்கத்துப் பங்குக் கிணறுகள் எல்லாவற்றுக்கும் உள்ள கதைதான். எங்கள் கிணற்றில் மட்டும் கூடுதலாக இரண்டு ஆமைப்பூட்டுகள் தொங்கின. மோட்டரிலிருந்து வரும் குழாய் இரண்டாகப் பிரிந்து கிழக்கே எங்கள் பக்கமும் மேற்கே பெரியப்பா பக்கமும் போகும். ஒவ்வொன்றிலும் ஒரு வால்வு, ஒவ்வொரு வால்விலும் ஒரு பூட்டு. எங்கள் வால்வுப் பூட்டின் சாவி, நாங்கள் திறப்பு என்போம், பெரியப்பாவிடம் இருந்தது. பெரியப்பாவின் வால்வுப் பூட்டின் திறப்பு அப்பாவிடம் இருந்தது. வெளியூர்க்காரருக்குச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவர்களுக்கு எங்கள் கோடை தெரியாது.

அப்படி ஒரு கோடையில்தான் சண்டை வந்தது. பெரியப்பாவின் முறை நாளில் எங்கள் வாய்க்கால் ஈரமாக இருந்தது. வால்வு பழசு, ஒழுகியிருக்கும். பெரியப்பா அதையெல்லாம் யோசிக்கவில்லை. சந்தையில் நாலு பேருக்கு முன்னால் அப்பாவைப் பார்த்து "தண்ணிக் கள்ளன்" என்று சொல்லிவிட்டார். அன்றோடு அப்பா அவருடன் கதைப்பதை நிறுத்தினார். பூட்டு ஏற்பாடு, வெட்டுக்குத்து வராமல் இருக்கச் சொந்தக்காரர்கள் கூடிச் செய்துவைத்தது. விடிய இரண்டு பேரும் கிணற்றடிக்கு வருவார்கள். முறை முடிந்தவரின் வால்வைப் பூட்டுவார்கள், முறை தொடங்குபவரின் வால்வைத் திறப்பார்கள். ஒருவர் செருமுவார், மற்றவரும் செருமுவார். ஆண்டுக் கணக்காக அவர்களுக்குள் நடந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

பெரியப்பா என்னுடன் மட்டும் நன்றாகக் கதைப்பார். சண்டை தண்ணீரோடு, என்னோடு இல்லை. நான் யாழ்ப்பாணம் ரவுனில் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை செய்கிறேன். மோட்டர், வால்வு, தண்ணீர்த் தாங்கி போன்றவற்றைத் தானாக இயக்கும் மின்பலகைகளும் அவற்றுக்கான நிரல்களும் எங்கள் வேலை. பெரியப்பாவுக்கு முழங்கால் வருத்தம் கூடி, விடிய வந்து எங்கள் பூட்டைத் திறக்கப் பிந்தத் தொடங்கினார். பிந்துகிற ஒவ்வொரு நாளும் அப்பா கிணற்றுக்கட்டைச் சுற்றிச் சுற்றி நடந்து, வீட்டுக்கு வந்து அம்மாவை ஏசுவார். எனக்குப் பொறுமை குறைவு. ஒரு பின்னேரம் நேரே பெரியப்பா வீட்டுக்குப் போய், "முறையை நானொரு பெட்டியிலை போட்டுத் தாறன், பெரியப்பா. விடிய அதுவே ஒரு பக்கத்தைப் பூட்டி மற்றப் பக்கத்தைத் திறக்கும். நீங்கள் படுத்துக் கிடக்கலாம்" என்றேன்.

அவர் முழங்காலைத் தடவினார்.

"பெட்டி ஆரின்ரை பக்கம் நிக்கும்?"

"பெட்டிக்குப் பக்கம் இல்லை, பெரியப்பா. அதுக்கு மணிக்கூடு மட்டும்தான் தெரியும்."

"கொப்பன் செய்விச்ச பெட்டி எண்டால் நான் வேண்டாமெண்டுதான் சொல்லுவன். நீ செய்யிறபடியால் ஓமெண்டுறன், மோனை."

அந்த வார்த்தை எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பாரமாகவும் இருந்தது. அவர் என்னை நம்பினார். பெட்டி ஒரு நாள் முறை தவறினால் போவது தண்ணீர் மட்டுமில்லை என்று எனக்குத் தெரியும்.

வேலையை நானும் என்னோடு வேலை செய்யும் ஒருவரும் பங்கிட்டோம். அவர் பருத்தித்துறைப் பக்கம், கடற்தொழில் குடும்பம். கெட்டிக்காரர், ஆனால் எதற்கும் அவசரம். "எங்கடை பக்கம் தண்ணிக்குக் குறைவே இல்லை, உப்புத்தான் கொஞ்சம் கூட" என்று சொல்லி எங்கள் கிணற்றுச் சண்டையைக் கேட்டுச் சிரிப்பார். பெட்டிக்குள் நேரத்துக்கு ஒரு மணிக்கூட்டுச் சிப் வைத்தோம். முகப்பில் நேரமும் முறையும் காட்டும் சின்னத் திரைக்கான நிரலை நான் எழுதினேன். யாருடைய முறை என்று கணக்குப் பார்க்கும் பகுதியை அவர் எழுதினார்.

அந்தக் கணக்கில் அவர் ஒரு நல்ல யுக்தி செய்திருந்தார். கணினி உலகம் நேரத்தை ஒரு பழைய நாளிலிருந்து வினாடி வினாடியாக எண்ணிக்கொண்டு வருகிறது. அந்த எண்ணிக்கையில் நாள் மாறுவது இங்கிலாந்தின் நடுச்சாமத்தில். அப்போது எங்களுக்கு விடிய ஐந்தரை. எங்கள் முப்பாட்டன்மார் முறை மாறுவதற்கு வைத்த நேரமும் அதே ஐந்தரை. ஆகவே வினாடிகளை நாட்களாக்கி, இரண்டால் வகுத்து, மீதி பூச்சியம் என்றால் எங்கள் முறை, ஒன்று என்றால் பெரியப்பாவின் முறை. வேலை தந்தது எங்கள் வீடு என்பதால் முதல் இடத்தில் எங்களைப் போட்டிருந்தார். "பாரும், உங்கடை கிணறு லண்டன் மணிக்கு ஓடுது" என்று மேசையைத் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். நிரல் தன்னுடைய லப்டொப்பில் நாள் தவறாமல் சரியாக ஓடுகிறது என்று காட்டினார். அதையும் பார்த்தேன்.

இந்த இடத்தில் லிங்கரைப் பற்றிச் சொல்லவேண்டும். நாம் சி மொழியில் எழுதும் நிரலைக் கணினி துண்டு துண்டாக மாற்றும். அந்தத் துண்டுகளையும், யாரோ எப்போதோ எழுதி வைத்த சி நூலகத்தின் துண்டுகளையும் ஒன்றாகக் கோர்த்து முழு நிரலாக்கித் தரும் கருவியின் பெயர் லிங்கர். நாம் ஒரு செயற்கூற்றைப் பெயர் சொல்லிக் கேட்டிருப்போம். அதைத் தேடி எடுத்து வந்து பொருத்துவது அதன் வேலை. எடுத்து வந்த சாமானில் ஏதும் கோளாறு தெரிந்தால் ஒரு எச்சரிக்கை வரி எழுதிவிட்டுத் தன்பாட்டில் வேலையை முடித்துவிடும். நிரல் உருவாகிவிடுவதால் அந்த வரியை ஒருவரும் வாசிப்பதில்லை.

நான் வாசிப்பேன். கம்பஸில் முதல் வருடம் படித்தபோதே பழக்கிக்கொண்டது. ஒருவரின் பெயரைக் கேட்டு வாங்கும் சின்னப் பயிற்சி அது. பழைய பாடக்குறிப்பில் இருந்தபடி எல்லோரும் கெட்ஸ் என்ற செயற்கூற்றைப் போட்டிருந்தோம். லிங்கர், இது ஆபத்தானது, பாவிக்கக்கூடாது என்று பச்சையாகவே எழுதியது. ஆய்வுகூடம் முழுக்க அதைத் தாண்டிப் போனது. நான் அப்பாவின் முழுப் பெயரை, தகப்பன் பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் சேர்த்துத் தமிழில் அடித்தேன். நிரல் விழுந்து செத்தது. கெட்ஸ் பாத்திரத்தின் அளவைப் பார்க்காமல் ஊற்றிக்கொண்டே இருக்கும் சாமான். தமிழ் எழுத்து வேறு உள்ளே கூடுதலாக இடம் பிடிக்கும். பக்கத்து மேசைக்காரர்கள் என் அப்பாவின் பெயரின் நீளத்தைச் சொல்லிச் சிரித்தார்கள். நான் எரிச்சலில் அந்த வரியை மறுபடி மறுபடி வாசித்தேன். லிங்கர் முன்னமே சொல்லித்தான் இருந்தது.

வேலைக்கு வந்தபின் அந்த எச்சரிக்கைகளில் இரண்டு வகை உண்டு என்று கண்டுகொண்டேன். ஒரு வகை, சாமான் இருக்கிறது, ஆனால் தொடாதே என்பது. கெட்ஸ் அந்த வகை. மற்ற வகை சின்ன மின்பலகைகளுக்கு எழுதும்போது வரும். அவற்றில் கோப்புக் கிடையாது, இயங்குதளம் கிடையாது. கோப்பை எழுது, கோப்பை மூடு என்று நூலகத்தின் ஏதோ ஒரு மூலை கேட்டால், லிங்கர் உள்ளே ஒன்றுமில்லாத வெறும் கோது ஒன்றை எடுத்து வந்து பொருத்திவிட்டு, இது எழுதப்படவில்லை, எப்போதும் தோற்கும் என்று ஒரு வரி போடும். பல சமயம் அது உண்மையாகவே ஒன்றும் செய்யாது, ஏனென்றால் அந்தப் பலகையில் நமக்குக் கோப்பே தேவையில்லை. பாதகமில்லாத வரிகளைத் தினமும் பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிடும். எனக்கு அந்தப் பழக்கத்தின் மேல்தான் கோபம்.

பெட்டியைப் பொருத்த நல்ல நாள் ஒன்றை அம்மா பார்த்துத் தந்தார். எங்கள் முறை நாள். பத்து நாளுக்கு முன்பு அலுவலகத்தில் பலகையை ஓடவிட்டுப் பார்த்தபோதும் எங்கள் முறை நாளாகவே இருந்தது. எங்கள் வால்வு திறந்தது, சரி என்று எடுத்துவைத்தோம். அன்றைக்கு அந்தப் பொருத்தத்தை ஒருவரும் யோசிக்கவில்லை.

காலை வெயில் வாழையிலைக்கு மேலால் வரத் தொடங்கிய நேரம், கிணற்றடியில் நாலு பேர் நின்றோம்: அப்பா, பெரியப்பா, என் கூட்டாளி, நான். அண்ணன் தம்பி இரண்டு பேரும் கிணற்றின் இரண்டு பக்கத்தில். பழைய வால்வுகளை அப்படியே விட்டு, பக்கத்தில் மின்வால்வுகளைப் பொருத்தியிருந்தோம். பெட்டி பழுதானால் பழையதைக் கையால் திறக்கலாம். பெட்டி வேலை செய்வதைப் பார்த்தபின் இரண்டு பேரும் திறப்புகளை மாற்றிக்கொள்வது என்று பேச்சு. அவரவர் திறப்பு அவரவரிடம். பெரியப்பா வெள்ளை வேட்டி கட்டி வந்திருந்தார். மடியில் எங்கள் வால்வுத் திறப்பு இருந்தது.

பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தேன். திரையில் நேரம் வினாடி பிசகாமல் வந்தது. கீழே "பங்கு 1" என்று வந்தது. எங்கள் மின்வால்வு டக் என்று திறந்தது. மோட்டரைப் போட்டதும் கிழக்கு வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. அப்பா மீசைக்குள் சிரித்தார். பெரியப்பாவும் தலையை ஆட்டினார். பிறகு கண்ணாடியைச் சரிசெய்து திரைக்குக் கிட்டப் போனார்.

"இதென்ன மோனை, பங்கு ஒண்டு?"

"அது எங்கடை தோட்டம், பெரியப்பா. இண்டைக்கு எங்கடை முறையல்லோ."

"அப்ப நான் ரெண்டோ?"

பெரியப்பா திரையை விரலால் தட்டினார்.

"இந்த வளவிலை மூத்தவன் நான். என்னை ரெண்டெண்டு போட்டுக் கிணத்தடியிலை மாட்டி வைக்கிறதோ?"

அப்பா வாழைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு உள்ளுக்குள் இனிப்பாக இருந்திருக்கும். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். இப்படி ஒரு கோளாறை எந்த நாட்டு நிரலாளரும் சோதித்துப் பார்த்திருக்க மாட்டார். "ஒருதரும் ஒண்டும் இல்லை, ரெண்டும் இல்லை. கிழக்கு, மேற்கு எண்டு மாத்துறன், பெரியப்பா. அஞ்சு நிமிசம் நில்லுங்கோ" என்று மோட்டர் அறைச் சீமெந்துப் படியில் உட்கார்ந்து லப்டொப்பைத் திறந்தேன்.

அதுவரை பலகைக்கான நிரல் எல்லாம் கோர்க்கப்பட்டது கூட்டாளியின் கணினியில். என் கணினியில் அதுதான் முதல் தடவை. பெயர்களை மாற்றிக் கோர்க்கவிட்டேன். முடிவில் லிங்கர் எச்சரிக்கைகள் வரிசையாக வந்தன. கோப்பை மூடுவது எழுதப்படவில்லை, எப்போதும் தோற்கும். கோப்பில் இடம் மாறுவது, எப்போதும் தோற்கும். நேரம் கேட்பது, எப்போதும் தோற்கும். வாசிப்பது, எழுதுவது, அவையும் தோற்கும்.

"உது எப்பவும் வாறது. பலகையிலை ஏத்தும்" என்றார் கூட்டாளி, தோளுக்கு மேலால் பார்த்து.

"மூண்டாவது வரியை வாசியும்."

"எல்லாம் ஒரே வரிதானே. எங்கடை பலகையிலை கோப்பு இல்லை, அதுதான் சொல்லுது."

"கோப்பு இல்லை. நேரமும் இல்லையோ?"

அவர் குனிந்து வாசித்தார்.

"முறைக் கணக்கிலை நேரத்தை எங்கையிருந்து எடுக்கிறீர்?" என்று கேட்டேன்.

"சி லைப்ரரியிலை இருந்துதான். நேரம் கேக்கிற வழமையான ரைம் செயற்கூறுதானே."

"லப்டொப்பிலை லைப்ரரிக்கு நேரம் சொல்ல ஆள் இருக்கு. இந்தப் பலகையிலை ஆர் சொல்லுறது?"

"திரையிலை நேரம் சரியா வருதே."

"திரை என்ரை. நான் நேரே மணிக்கூட்டுச் சிப்பைக் கேக்கிறன். நீர் லைப்ரரியைக் கேக்கிறீர். லைப்ரரிக்கு அந்தச் சிப் இருக்கிறதே தெரியாது. நாங்கள் ரெண்டு பேரும் ஒரே பெட்டிக்குள்ளை வேறை வேறை ஆளைக் கேட்டுக்கொண்டிருக்கிறம்."

கெட்டிக்காரர் என்று சொன்னேனே, மீதியை அவரே கூட்டிப் பார்த்துவிட்டார். வெறும் கோது தோற்கும்போது திருப்பித் தருவது பூச்சியத்துக்கு ஒன்று கீழே, அதாவது மைனஸ் ஒன்று. அதை யாரும் தோல்வி என்று பார்க்காவிட்டால் அதுவே நேரம் ஆகிவிடும். ஒரு வினாடி முழு நாளாகாது, ஆகவே அதை நாட்களாக்கினால் பூச்சியம். பூச்சியத்தை இரண்டால் வகுத்தாலும் மீதி பூச்சியம். பூச்சியம் என்றால் கிழக்கு. இன்றைக்கும் கிழக்கு, நாளைக்கும் கிழக்கு, பெட்டி உக்கிப் போகும் மட்டும் கிழக்கு. எல்லா நாளும் எங்கள் முறை.

அவர் குரலைத் தாழ்த்தினார். "லப்டொப்பை மூடும். வயர் ஏதோ லூசெண்டு சொல்லிப்போட்டு பெட்டியைக் கழட்டிக்கொண்டு போவம். ஒபிசிலை வைச்சுத் திருத்தலாம்."

அதே நேரம் பெரியப்பா மடியை அவிழ்த்துத் திறப்பை எடுத்தார். அதை அப்பாவிடம் கொடுக்கக் கிணற்றைச் சுற்றி வரத் தொடங்கினார், முழங்காலைப் பிடித்துப் பிடித்து. அத்தனை காலத்தில் அவர் அப்பாவை நோக்கி வந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். வாயை மூடியிருந்தால் திறப்பு கைமாறியிருக்கும், அப்பா சந்தோசப்பட்டிருப்பார், நாங்கள் சத்தமில்லாமல் திருத்தியிருக்கலாம். ஆனால் ஒளித்துத் திருத்திய பெட்டியை அவர் நம்பும்படி என்னால் விட்டுப்போக முடியாது. என் குணம் அப்படி.

"பெரியப்பா, திறப்பைக் குடுக்காதேங்கோ" என்றேன்.

அவர் பாதியில் நின்றார். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் நெருப்பு இருந்தது.

"உனக்கென்ன விசரே? தண்ணி வருதல்லோ" என்றார் அப்பா.

"இண்டைக்கு வருது. நாளைக்கும் இஞ்சைதான் வரும். அதுதான் பிரச்சினை. ரெண்டு பேரும் இஞ்சை வந்து பாருங்கோ."

எனக்குப் பயம் இருந்தது. ஆனால் என்ன செய்யவேண்டும் என்பதில் ஒரு சந்தேகமும் இல்லை. மணிக்கூட்டுச் சிப்பில் திகதியை நாளைக்கு மாற்றினேன். திரையில் நாளைய திகதி வந்தது. எங்கள் வால்வு அப்படியே திறந்து கிடந்தது. நாளை மறுநாளுக்கு மாற்றினேன், அடுத்த மாதத்துக்கு மாற்றினேன். மேற்கு வால்வு ஒருமுறை கூட அசையவில்லை. தண்ணீர் கிழக்கே ஓடிக்கொண்டே இருந்தது.

கூட்டாளி கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். பாவம், அந்த இடத்தில் பார்ப்பதற்கு அவருக்கு வேறொன்றும் இருக்கவில்லை.

"ஏன் மோனை?" பெரியப்பாவின் குரல் மெதுவாக இருந்தது. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"பெட்டி ஒவ்வொரு நாளும் நேரம் கேக்குது, பெரியப்பா. கேக்கிற இடத்திலை பதில் சொல்ல ஆள் இல்லை. இல்லை எண்டு வந்த பதிலையே அது நேரமெண்டு எடுத்துக்கொள்ளுது. அப்பிடி எடுத்தால் கணக்கு எப்பவும் முதல் ஆளிலைதான் வந்து நிக்கும். முதல் ஆளா எங்கடை தோட்டத்தைப் போட்டிருக்கிறம். உங்கடையைப் போட்டிருந்தால் எல்லா நாளும் உங்களுக்குத்தான் ஓடியிருக்கும். இதை ஒருதரும் வேணுமெண்டு செய்யேல்லை. இந்தா, இந்த வரியிலை எழுதியிருக்கு. இப்பதான் என்ரை கண்ணிலை பட்டது."

அவர் குனிந்து திரையைப் பார்த்தார். அந்த ஆங்கில வரி அவருக்கு என்ன சொல்லியிருக்கும் என்று தெரியவில்லை. ஆனால் விரல் வைத்து அதன் முடிவு வரைக்கும் போனார்.

"இதை நீ சொல்லாமல் விட்டிருந்தால் நான் எப்ப அறிஞ்சிருப்பன்?"

"நாளைக்கு விடிய."

"அறிஞ்சு என்ன நினைச்சிருப்பன்?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் சொன்னது அப்பா. வாழைகளைப் பார்க்காமல், நேரே அவரைப் பார்த்து.

"நான்தான் பிள்ளையைக் கொண்டு களவாச் செய்விச்சனான் எண்டு நினைச்சிருப்பியள், அண்ணை."

சந்தையில் அந்த வார்த்தையைக் கேட்ட நாளுக்குப் பிறகு அப்பா அவரை அண்ணை என்று கூப்பிட்டதை நான் கேட்டது அப்போதுதான். பெரியப்பா தலையை ஆட்டினார்.

"ஓம். அப்பிடித்தான் நினைச்சிருப்பன்" என்றார். பிறகு, "பேந்து சாகுமட்டும் அப்பிடியே நினைச்சிருப்பன்" என்றார்.

மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா போய் அதை நிற்பாட்டினார். பெரியப்பா என்னைத் திருத்தச் சொல்லிவிட்டு, மோட்டர் அறை நிழலில், அப்பா வழக்கமாக உட்காரும் கல்லில் உட்கார்ந்தார். அப்பா கொஞ்சம் தள்ளி மண்வெட்டிப் பிடியில் சாய்ந்து நின்றார்.

திருத்தும் வேலை பெரிதில்லை. லிங்கர் இல்லை என்று சொன்ன செயற்கூற்றை நான் எழுதிக் கொடுத்தால் போதும். அது கோதை விட்டுவிட்டு என்னுடையதை எடுத்துக்கொள்ளும். சிப்பைக் கேட்டு, திகதியையும் மணியையும் வினாடிகளாக்கித் திருப்பித் தரும் சில வரிகள். சிப்பில் இருப்பது எங்கள் ஊர் மணி, நூலகம் எதிர்பார்ப்பது இங்கிலாந்து மணி. ஐந்தரை மணித்தியாலத்தைக் கழிக்காவிட்டால் முறை நடுச்சாமத்தில் மாறும். கழித்தேன். சிப் பதில் தராவிட்டால் என்ன செய்வது என்றும் எழுதினேன்: ஒருவருக்கும் திறக்காதே, இரண்டையும் பூட்டிவிட்டுச் சிவப்பு விளக்கைப் போடு.

கூட்டாளி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "என்ரை பிழை" என்றார்.

"பிழையைப் பேந்து பங்கிடுவம். இப்ப மிச்ச வரியளை வாசியும்."

மிச்ச நாலையும் ஒவ்வொன்றாக எடுத்தோம். இது எங்களுக்குத் தேவையா, யார் இதைக் கேட்கிறார்கள், தோற்றால் என்ன நடக்கும். நாலும் கோப்புச் சம்பந்தமானவை, கேட்பது நூலகத்தின் ஒரு மூலை, தோற்றாலும் தண்ணீருக்கு ஒன்றும் ஆகாது. அதை உறுதிப்படுத்திக்கொண்டு அவற்றுக்கும் எங்கள் கையால் சின்னச் செயற்கூறுகள் எழுதி, ஏன் வெறுமையாக விட்டோம் என்றும் பக்கத்தில் குறித்தோம். எச்சரிக்கையை மறைக்கும் கட்டளை ஒன்று இருக்கிறது, அதைப் போட்டால் வேலை சுலபம் என்று இணையத்தில் ஆயிரம் பேர் சொல்வார்கள். அந்த ஆயிரம் பேருக்கும் பங்குக் கிணறு இல்லை. மறுபடி கோர்க்கவிட்டேன். லிங்கர் ஒரு வரியும் எழுதாமல் முடித்தது. அந்த வெறுமையான இடத்தைப் பார்க்க எனக்கு எப்போதும் ஆசை.

"ரெண்டு பேரும் வாங்கோ" என்று கூப்பிட்டேன். இந்த முறை இரண்டு பேரும் ஒரே பக்கத்தால் வந்தார்கள். இன்றைய திகதி, கிழக்கு. நாளைய திகதி, டக் என்று கிழக்கு பூட்டி மேற்கு திறந்தது. நாளை மறுநாள், கிழக்கு. பெரியப்பா தானே ஒரு திகதி சொன்னார், தை மாதத்தில் ஏதோ ஒரு நாள். விரல் மடித்துக் கணக்குப் பார்த்து, மேற்கு என்றார். மேற்கு திறந்தது. ஐந்து இருபத்தொன்பதுக்கு மணியை வைத்து, எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஐந்தரை ஆனதும் முறை மாறியது.

திகதியையும் மணியையும் பழையபடி சரியாக வைத்துவிட்டு, "இப்ப திறப்பை மாத்தலாம்" என்றேன்.

பெரியப்பா கையிலிருந்த திறப்பைப் பார்த்தார். "இருக்கட்டும். கொஞ்ச நாள் ஓடட்டும், பாப்பம்" என்று மடியில் செருகிக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவுக்குப் பிறகும் நம்பவில்லையா என்று கோபம் வந்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அப்பாவிடம் அதையே சொல்லிப் புறுபுறுத்தேன்.

மறுநாள் பெரியப்பாவின் முறை. வெறும் பெட்டியைப் பார்க்கத்தான் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு விடிய நான் கிணற்றடிக்குப் போனேன். எனக்கு முதலே அப்பா அங்கே நின்றார். காதைச் சுற்றித் துவாய் கட்டியிருந்தார். கையில் பெரியப்பாவின் வால்வுத் திறப்பு.

"நீங்கள் என்னத்துக்கு வந்தனீங்கள்? நான்தானே படுத்துக் கிடக்கலாமெண்டு சொன்னனான்."

"பெட்டி பிழைச்சால் அண்ணைக்குத் தண்ணி பிந்துமல்லோ" என்றார்.

ஐந்தரைக்கு டக் என்று கேட்டது. கிழக்கு பூட்டியது, மேற்கு திறந்தது. அப்பா போய் மோட்டரைப் போட்டார். அது பெரியப்பாவின் முறை, மோட்டர் போடவேண்டியவரும் அவர்தான். ஆனாலும் போட்டார். மேற்கு வாய்க்காலில் தண்ணீர் வாழையடிகளை நோக்கிப் போனது. அதன் மற்றக் கரையில், முழங்காலைப் பிடித்தபடி பெரியப்பா வந்துகொண்டிருந்தார். படுத்துக் கிடக்க அவருக்கும் மனம் வரவில்லை.

தண்ணீரைப் பார்த்தார். பிறகு அப்பாவின் கையைப் பார்த்தார்.

"திறந்திட்டுது. இந்தாங்கோ அண்ணை, உங்கடை திறப்பு" என்று அப்பா நீட்டினார்.

பெரியப்பா வாங்கவில்லை.

"என்ரை முழங்காலோடை நான் இனி எந்த விடியவும் வருவனெண்டு நிச்சயமில்லை. பெட்டி ஒரு நாளைக்கு நிண்டால் என்ரை வால்வைத் திறக்க ஒருதர் வேணும். அது உன்னட்டையே இருக்கட்டும், தம்பி" என்றார்.